டார்பிடோ, உயிர்காப்புப் படகு, பதின்வயது மாலுமிகள்: பள்ளி சாகச முகாம்கள் பிறந்த கதை, யார் இந்த கர்ட் ஹான்?

1941. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அட்லாண்டிக் பெருங்கடலில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. டார்பிடோ தாக்கி கப்பல் மூழ்கும்போது தப்பிப்பவர்கள் சின்ன உயிர்காப்புப் படகுகளில் ஏறிக்கொள்வார்கள். அடுத்த கப்பல் கண்ணில் படும்வரை குளிர், பசி, தாகம். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தப் படகுகளில் யார் தாக்குப்பிடிப்பார்கள்? உடலில் தெம்பு இருக்கும் 18, 20 வயது இளைஞர்கள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால், லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டுக்குக் கிடைத்த தகவல்கள் வேறு மாதிரி இருந்தன. பாய்மரக் கப்பல் காலத்தில் பழகிய வயதான மாலுமிகள் தாங்கிக்கொள்கிறார்கள். இளைஞர்கள் சீக்கிரம் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள் என்று அவர் கருதினார். பெரியவர்களுக்கு இருந்தது கூடுதல் பலம் இல்லை, இதற்கு முன்பும் கஷ்டமான சூழலில் இருந்து மீண்டிருக்கிறோம் என்ற அனுபவம்.

அந்த அனுபவத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும் என்று சொன்னவர் மாலுமி இல்லை, ராணுவ வீரரும் இல்லை. ஹிட்லரை எதிர்த்ததால் சிறைக்குப் போய், நாட்டை விட்டு வெளியேறிய ஒரு ஜெர்மன் யூதப் பள்ளி ஆசிரியர். பெயர் கர்ட் ஹான்.

இன்று பள்ளிகளில் இருந்து பிள்ளைகளை மலையேற்றம், படகு, கூடாரம் என்று முகாமுக்கு அழைத்துப் போகிறார்களே, அந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் இவர். ஆனால் அவர் நினைத்த முகாமும், இன்று பல இடங்களில் நடக்கும் முகாமும் ஒன்றுதானா? அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

இருட்டு அறையில் ஒரு இளைஞர்

1886 ஜூன் 5. பெர்லினில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஹான். அப்பா தொழிலதிபர். காசுக்குக் குறைவில்லை. ஆனால் அன்றைய ஜெர்மன் பள்ளிகள் ரொம்பவே கறார். உட்கார், மனப்பாடம் செய், ஒப்பி. அவ்வளவுதான்.

பதின்வயதில் இத்தாலிப் பக்கம் டோலமைட் மலைகளில் நடைப்பயணம் போனபோது, இங்கிலாந்தின் அபட்ஸ்ஹோம் பள்ளி மாணவர்களைச் சந்தித்தார் ஹான். வயல் வேலை, கைத்தொழில், வெளிப்புற வாழ்க்கை எல்லாவற்றையும் படிப்போடு சேர்த்து நடத்திய பள்ளி அது. அந்தப் பள்ளியைப் பற்றி ஜெர்மன் கல்வியாளர் ஹெர்மன் லீட்ஸ் எழுதிய புத்தகமும் அவர் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் என்றால் இப்படியும் இருக்கலாமா என்ற யோசனை அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

1904-ல் பள்ளிப் படிப்பை முடித்த அதே ஆண்டு, கடுமையான வெயில் தாக்கு. சாதாரண மயக்கம் இல்லை. அதன் பாதிப்பு வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. வெளிச்சமும் வெப்பமும் ஆகாது. இருட்டு அறையில் நீண்ட காலம் கிடக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அகலமான தொப்பி இல்லாமல் வெயிலில் அவரைப் பார்ப்பதே அரிது.

வெளியில் போ, மலை ஏறு, கடலில் இறங்கு என்று லட்சக்கணக்கான பிள்ளைகளை அனுப்பிவைக்கக் காரணமான மனிதருக்கு வெயிலே ஆகாது! முரண்பாடு மாதிரி தெரியும். ஆனால் அவருடைய கொள்கை முளைத்ததே இங்கேதான். உடம்பு ஒத்துழைக்காதபோது அதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாமல், அதற்குள்ளேயே என்ன முடியும் என்று பார்ப்பது அவருக்குச் சொந்தப் பாடம். எது உன்னால் முடியாது என்று நினைக்கிறாயோ, அதில்தான் நீ வளர இடம் இருக்கிறது என்பதை அவர் பின்னாளில் மாணவர்களிடம் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலும் படித்தார். கோடைக் காலத்தில் வெப்பத்துக்குத் தப்பி ஸ்காட்லாந்தின் வடக்கே மோரே பகுதிக்குப் போவார். குளிர்ந்த காற்று, கடல், மீனவர்கள். இந்த மோரே பின்னால் மறுபடியும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்ற நாட்டில் ஒரு பள்ளி

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மனி திரும்பிய ஹான், உடல்நிலை காரணமாகப் போர்முனைக்குப் போகவில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்ததால், பிரிட்டிஷ் பத்திரிகைகளைப் படித்து அரசுக்குச் சொல்லும் வேலை. அங்கிருந்து இளவரசர் மாக்ஸிடம் போய்ச் சேர்ந்தார். 1918 அக்டோபரில் ஜெர்மன் பேரரசின் கடைசி சான்சலராகப் பதவியேற்றவர் இந்த மாக்ஸ். அவருக்கு நெருக்கமான ஆலோசகர் ஹான்.

போரில் ஜெர்மனி தோற்றது. பேரரசர் போனார். சில வாரங்களிலேயே மாக்ஸும் பதவியை விட்டு இறங்கினார். நாடே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. இருவரும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். படித்தவர்கள் நிறைய இருந்தும், தனக்குச் சரி என்று பட்டதை அதிகாரத்தின் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆட்கள் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. அப்படிப்பட்டவர்களை உருவாக்க ஒரு பள்ளி வேண்டும்.

1920-ல் ஸாலெம் பள்ளி தொடங்கியது. நம்ம ஊர் சேலம் இல்லை. தெற்கு ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் துறவிகள் வாழ்ந்த பெரிய மடம், பிறகு மாக்ஸ் குடும்பத்தின் மாளிகை. அதில்தான் பள்ளி.

அங்கே என்ன புதுசு? காலை வகுப்புகளுக்கு நடுவே ஓட்டம், தாண்டுதல், எறிதல். விளையாட்டில் கெட்டிக்காரர்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். ஜெயிக்க வேண்டியது பக்கத்தில் நிற்பவனை இல்லை, நேற்றைய உன்னை. மாணவர்கள் தங்கள் தினசரிக் கடமைகளைத் தாங்களே குறித்துக்கொள்ள வேண்டும். யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். பொய்யாகக் குறித்தால் ஏமாறப்போவது நீதான். ஆண், பெண் இருபாலரும் படித்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இருந்தால் அவர்களுக்கே கெடுதல் என்று நினைத்த ஹான், வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்தார்.

ஆறு நோய்கள், நான்கு மருந்துகள்

நவீன வாழ்க்கை இளைஞர்களிடமிருந்து ஆறு விஷயங்களைத் திருடுகிறது என்பது ஹானின் கணிப்பு. வண்டி வாகனம் வந்ததால் உடல் வலு குறைகிறது. வேடிக்கை பார்க்கும் பழக்கம் கூடியதால் தானாக முன்வந்து செய்யும் குணம் குறைகிறது. ஓயாத பரபரப்பில் நினைவும் கற்பனையும் தேய்கின்றன. கைத்தொழில் மரபு போனதால் ஒரு வேலையை அக்கறையோடு நேர்த்தியாக முடிக்கும் பழக்கம் போகிறது. போதைப் பொருள்களும் மாத்திரைகளும் எளிதில் கிடைப்பதால் சுயக்கட்டுப்பாடு குறைகிறது.

ஆறாவதுதான் அவருக்குப் பெரிய கவலை: இரக்கம். எல்லாம் அவசர அவசரமாக நடப்பதால், அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து நிற்கவே யாருக்கும் நேரம் இல்லை.

செல்போன் என்ற ஒன்று கற்பனையில்கூட இல்லாத காலத்தில் இருந்தவர் இவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

மருந்து என்ன? உடற்பயிற்சி, நெடும்பயணம், சொந்தக் கையால் செய்து முடிக்கும் ஒரு வேலை, மீட்புப் பணி. இதில் முதல் மூன்றும் ஏற்கெனவே பலர் சொன்னவைதான். நான்காவதுதான் ஹானின் முத்திரை. ஆபத்தில் இருக்கும் ஒரு மனிதரைக் காப்பாற்றத் தயாராக இருப்பது. இளைஞர்களுக்கு ஆபத்தும் பரபரப்பும் பிடிக்கும். அதைப் போர்தான் தரும் என்றால் அவர்கள் போருக்குத்தான் போவார்கள். அதே துணிச்சலை உயிரை எடுக்க இல்லாமல், உயிரைக் காப்பாற்றத் திருப்பிவிட்டால் என்ன? இந்தக் கேள்விதான் அவர் பின்னால் தொடங்கிய எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

ஸாலெமா, ஹிட்லரா?

ஸாலெம் பள்ளியின் உண்மையான பரீட்சை 1932-ல் வந்தது.

அந்த ஆகஸ்ட் மாதம், போடெம்பா என்ற கிராமத்தில் நாஜி கட்சியின் அடியாள் படையைச் சேர்ந்தவர்கள் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்து, தாயின் கண்ணெதிரிலேயே அவரை அடித்தே கொன்றார்கள். ஐந்து பேருக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஹிட்லர் என்ன செய்தார்? குற்றவாளிகளுக்கு ஆதரவாகத் தந்தி அடித்தார்.

பலர் வாயை மூடிக்கொண்டார்கள். ஹான் பேனாவை எடுத்தார். ஸாலெமின் முன்னாள் மாணவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: நாஜிப் படைகளில் இருப்பவர்கள் ஒன்று ஹிட்லரோடு உறவை முறித்துக்கொள்ளுங்கள், அல்லது ஸாலெமோடு முறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கால் வைக்க முடியாது.

இதை எழுதியவர் ஒரு யூதர் என்பதை மறக்கக் கூடாது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சில் ஹான் கைது செய்யப்பட்டார். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் குரல் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டே தலையிட்டார். விடுதலை கிடைத்தது. ஆனால் தான் கட்டிய பள்ளிக்குத் திரும்ப முடியாது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனுக்குக் கிளம்பினார். வயது 47. பள்ளி இல்லை, நாடு இல்லை.

மறுபடியும் மோரே

ஞாபகம் இருக்கிறதா, இளம் வயதில் வெயிலுக்குப் பயந்து போன அதே மோரே? அங்கேதான் 1934-ல் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர், கிரேக்க அரச குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலேயே நாடு இழந்த பிலிப். பின்னாளில் ராணி எலிசபெத்தின் கணவர் ஆனாரே, அவரேதான். அவருடைய அக்கா, இளவரசர் மாக்ஸின் மகனைத் திருமணம் செய்திருந்ததால் முதலில் ஸாலெமில் கொஞ்ச காலம் படித்துவிட்டு இங்கே வந்தார்.

கோர்டன்ஸ்டனில் கடல்தான் பெரிய வகுப்பறை. மாணவர்கள் படகு கட்டவும் ஓட்டவும் கற்றார்கள். ஆனால் பொழுதுபோக்குக்காக இல்லை. கடலோரத்தில் காவல் குடிசை. புயல் நாட்களில் மாணவர்கள் முறை வைத்து அங்கே உட்கார்ந்து, தத்தளிக்கும் படகு ஏதாவது தெரிகிறதா என்று கண்காணிப்பார்கள். பிறகு தீயணைப்பு, மலை மீட்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. தூங்க வேண்டிய நேரத்தில் ஊருக்காக விழித்திருக்கும் பையனிடம், பொறுப்பு என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லையே!

பள்ளிக்குள் மட்டும் இது நின்றுவிடக் கூடாது என்று 1936-ல் மோரே பேட்ஜ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓட்டம், தாண்டுதல் போன்றவற்றில் நிர்ணயித்த அளவை எட்ட வேண்டும், ஒரு நெடும்பயணம் முடிக்க வேண்டும், உயிர்காக்கும் பயிற்சி பெற வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. அளவைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் பேட்ஜ்.

அவுட்வர்ட் பவுண்ட்: அந்த ஒரு மாதம்

போர் தொடங்கியதும் கோர்டன்ஸ்டன் வளாகத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. 1940-ல் பள்ளி வேல்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. பணமும் இல்லை. அந்த நேரத்தில்தான் லாரன்ஸ் ஹோல்ட்டின் கவலையும் ஹானின் யோசனையும் சந்தித்தன.

1941-ல் வேல்ஸின் அபர்டோவி என்ற கடலோர ஊரில் அந்தப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பெயர் அவுட்வர்ட் பவுண்ட். பாதுகாப்பான துறைமுகத்தை விட்டுத் திறந்த கடலை நோக்கிக் கிளம்பும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகள் சொல் அது. கரையில் கட்டிவைத்த கப்பல் பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஆனால் கப்பல் செய்யப்பட்டது அதற்காக இல்லையே.

யார் வந்தார்கள்? ஹோல்ட்டின் கப்பல்களில் சேரப்போகும் பையன்கள், தொழிற்சாலைப் பயிற்சியாளர்கள், போலீஸ், தீயணைப்புத் துறைகளில் பயிற்சி பெறுபவர்கள், பள்ளி மாணவர்கள். பணக்காரப் பள்ளிப் பையனும் ஃபேக்டரி பையனும் ஒரே குழுவில். மொத்தம் கிட்டத்தட்ட ஒரு மாதம்.

காலையில் எழுந்ததும் ஓட்டம், பிறகு பச்சைத் தண்ணீர்க் குளியல். படகு ஓட்டுதல், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல், முதலுதவி, மீட்புப் பயிற்சி. புகை, மது கூடாது என்ற உறுதிமொழி. கடைசியில் கடலில் ஒரு பயணம், மலையில் ஒரு நீண்ட நடை.

சின்னச் சின்னக் குழுக்கள்தான் இதன் உயிர்நாடி. ஆரம்பத்தில் பயிற்சியாளர் எல்லாம் சொல்லித்தருவார். நாள் போகப் போகப் பின்னால் நகர்ந்துவிடுவார். எந்தப் பக்கம் போவது, களைத்துப்போனவனை என்ன செய்வது, சாப்பாட்டை எப்படிப் பங்கிடுவது என்று குழுவே முடிவெடுக்க வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் நனைவார்கள், பசிப்பார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து வராத அளவுக்கு யாரோ ஒருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே இருப்பார்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு அது உண்மையான ஆபத்தாகத் தெரிய வேண்டும். பயிற்சியாளருக்கு அது கணக்குப் போட்டுக் கட்டுப்படுத்திய ஆபத்தாக இருக்க வேண்டும். முதலாவது இல்லை என்றால் அது பிக்னிக். இரண்டாவது இல்லை என்றால் அது விபத்து.

போர் முடிந்தது. அவுட்வர்ட் பவுண்ட் முடியவில்லை. 1946-ல் அதற்கென ஓர் அறக்கட்டளை, 1950-ல் இங்கிலாந்தின் எஸ்க்டேலில் முதல் மலைப் பள்ளி, பிறகு பெண்களுக்கான பயிற்சிகள். 1962-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கியது. கோர்டன்ஸ்டனில் ஆசிரியராக வேலை பார்த்த ஜோஷ் மைனர் என்ற அமெரிக்கர்தான் அங்கே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்.

ஆசியாவில் மலேசியாவின் லுமுட் 1950-களிலேயே இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சிங்கப்பூரில், நாடு தனியாகப் பிரிந்து இரண்டே ஆண்டுகளில், 1967-ல் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் தொடங்கியது. அமைச்சர் கோ கெங் ஸ்வீ முன்னெடுத்தது. பின்னாளில் உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் ஐந்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற தேசியத் திட்டத்தையே சிங்கப்பூர் அரசு கொண்டுவந்தது. சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் ஒரே கூடாரத்தில், ஒரே படகில் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

ஒரு பவுண்டுக்கு விற்ற கண்டுபிடிப்பு

1953-ல் உடல்நலக் குறைவால் கோர்டன்ஸ்டன் தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார் ஹான். ஓய்வு எடுத்தாரா என்றால், அதுதான் இல்லை.

மோரே பேட்ஜ் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோகச் சொல்லித் தன் பழைய மாணவர் பிலிப்பைத் தொடர்ந்து நச்சரித்தார். 1956-ல் அது எடின்பரோ கோமகன் விருதாக மாறியது. எவரெஸ்ட் சிகரத்தை முதலில் தொட்ட 1953 பயணக் குழுவின் தலைவர் ஜான் ஹன்ட், இந்த விருதின் முதல் இயக்குநர். முதலில் பையன்களுக்கு மட்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெண்களுக்கும். இன்று இந்தியா உட்பட 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் நடக்கிறது.

1962-ல், 76 வயதில், இன்னொரு கனவு. பனிப்போர் காலம். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்தன. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் படித்து, சேர்ந்து உயிர்களைக் காப்பாற்றினால் எப்படி இருக்கும்? வேல்ஸ் கடற்கரையில் ஒரு பழைய கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியது.

அங்கே மாணவர்கள் கடல் மீட்புப் பணியில் நிஜமாகவே இறங்கினார்கள். சாதாரணப் படகுகள் அந்தக் கரடுமுரடான கரையில் உடைந்துபோயின. முதல் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர், முன்னாள் கடற்படை அதிகாரி. மாணவர்களோடு சேர்ந்து புதுவகைப் படகை உருவாக்கினார். அடியில் கெட்டியான உடல், சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாய். இன்று வெள்ளம், கடல் மீட்பு என்று எங்கு பார்த்தாலும் தெரியும் அந்த வேகப் படகுகள்தான்! அதன் உரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்புக்கு வெறும் ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார் ஹோர். அந்த அமைப்பு தன் படகு வகைக்கே அட்லாண்டிக் என்று பெயர் வைத்தது.

அட்லாண்டிக் கல்லூரியில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய யுனைடெட் வேர்ல்டு காலேஜஸ். 1997-ல் புனேவுக்குப் பக்கத்தில் அதன் இந்தியக் கல்லூரியும் வந்தது.

எல்லாம் நல்லதாகவே நடந்ததா?

இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிலிப்புக்கு உயிராக இருந்த கோர்டன்ஸ்டன், அவர் மகன் சார்லஸுக்கு நரகமாக இருந்தது. 1960-களில் அங்கே படித்த அவர், சக மாணவர்களின் கொடுமையால் தனிமையில் தவித்தது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஒரே மருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இது. கஷ்டம் தானாக யாரையும் செதுக்காது. பக்கத்தில் அக்கறையுள்ள பெரியவர் இல்லை என்றால், அது வெறும் கொடுமைதான்.

தலைவர்களை உருவாக்கும் கல்வி என்ற பேச்சில் மேட்டிமைத்தனம் இருக்கிறது, ராணுவ வாடை அடிக்கிறது, குணத்தைப் பயிற்சியால் வார்த்துவிடலாம் என்பது மிகை என்ற விமர்சனங்களும் ஹான் மீது உண்டு.

இன்னொன்று, பாதுகாப்பு. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் கயாக் படகில் போன பள்ளி மாணவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அது அவுட்வர்ட் பவுண்ட் முகாம் இல்லை. ஆனால் சாகச முகாம் உலகையே உலுக்கியது. 1995-ல் பிரிட்டன் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சாகச நிகழ்ச்சி நடத்தும் மையங்களுக்கு உரிமம் கட்டாயம் ஆனது. ஆபத்தைக் கணக்குப் போடாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவது கல்வி இல்லை, அலட்சியம்.

சரி, இதனால் பலன் உண்டா? 1997-ல் கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி குழுவினர் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்னம்பிக்கை, சுயக்கட்டுப்பாடு போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. பொதுவாகப் பயிற்சி முடிந்ததும் பலன் கரைந்துவிடும். இங்கே முடிந்த பிறகும் வளர்ந்தது என்பது ஆச்சரியம். ஆனால் முகாமுக்கு முகாம் வித்தியாசம் பெரிது. நாட்கள் அதிகமான பயிற்சிகளில் பலனும் அதிகம். ஒரு நாள் போய் ஜிப்லைனில் தொங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஹான் விட்டுப்போன கேள்வி

போருக்குப் பிறகு ஹான் ஜெர்மனிக்கும் அடிக்கடி போய் வந்தார். தன்னை விரட்டிய நாட்டை அவர் வெறுக்கவில்லை. 1974 டிசம்பர் 14 அன்று, 88 வயதில், தன் முதல் பள்ளி இருக்கும் ஸாலெம் வட்டாரத்திலேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தொடங்கியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஸாலெம் ஒரு தோல்விக்குப் பிறகு வந்தது. கோர்டன்ஸ்டன் நாடு இழந்த பிறகு வந்தது. அவுட்வர்ட் பவுண்ட், நடுக்கடலில் செத்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்காக வந்தது. அட்லாண்டிக் கல்லூரி, அடுத்த போர் வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்தது. எதுவும் திரில்லுக்காக வரவில்லை. மலையும் கடலும் அவருக்கு வெறும் கருவிகள். தன்னை நம்பவும், அடுத்தவருக்காக இறங்கவும் தெரிந்த மனிதர்கள்தான் இலக்கு.

அதனால், அடுத்த முறை பள்ளியில் இருந்து முகாமுக்கான ஒப்புதல் படிவம் வரும்போது கட்டணத்தோடு சேர்த்து இன்னும் சில கேள்விகளையும் கேட்கலாம். பயிற்சியாளர்கள் முறையாகத் தகுதி பெற்றவர்களா? எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? லைஃப் ஜாக்கெட், முதலுதவி, பக்கத்து மருத்துவமனை எல்லாம் யோசித்திருக்கிறார்களா? பிள்ளைகள் எதையாவது தாங்களே முடிவு செய்வார்களா, இல்லை வரிசையில் நிற்பது மட்டும்தானா? பயப்படும் பிள்ளையைக் கேலி செய்வார்களா, கூட நிற்பார்களா?

கடைசியாக, ஹான் இருந்திருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வி: அங்கிருந்து திரும்பி வரும் பிள்ளைக்கு, தண்ணீரில் தத்தளிக்கும் இன்னொரு பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்குமா?